அரசுப் பட்டியலில் பெயர் இருந்தால் போதுமா? மொட்டைமாடி சோலாருக்கு ஆள் தேடும்போது பார்க்க வேண்டியவை

வீட்டு மொட்டைமாடியில் சோலார் பேனல் போடுவதற்கான பிஎம் சூர்ய கர் திட்டத்தில் மானியம் தருவது மத்திய அரசு. இணைப்பும் மீட்டரும் தருவது மின்வாரியம். பேனலைக் கொண்டுவந்து மாட்டுவது ஒரு தனியார் நிறுவனம், அதைத் தேர்ந்தெடுப்பது முழுக்க முழுக்க வீட்டுக்காரர் பொறுப்பு. இது தெரியாமல்தான் பலர் ‘கவர்ன்மென்ட் ஸ்கீம்தானே, அவங்களே பார்த்துப்பாங்க’ என்று முதலில் வாசலுக்கு வந்தவரிடமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள்.

முன்பு இப்படி இல்லை. மின்வாரியமே டெண்டர் விட்டு, விலையையும் ஆளையும் முடிவு செய்து பட்டியல் போடும். 2022 ஜூலையில் மொட்டைமாடி சோலாருக்கான தேசிய இணையதளம் வந்தபோது இந்த முறை மாறியது. மானியத் தொகையை மட்டும் அரசு நிர்ணயித்துவிட்டு, விலையை வீட்டுக்காரரும் நிறுவனமும் பேசி முடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். 2024 பிப்ரவரியில் ரூ.75,021 கோடி ஒதுக்கீட்டில், ஒரு கோடி வீடுகள் என்ற இலக்கோடு தொடங்கிய பிஎம் சூர்ய கர் திட்டமும் இதே அடித்தளத்தில்தான் ஓடுகிறது. டெண்டர் காலத் தாமதம் குறைந்தது உண்மை. கூடவே, விலை சரியா, வேலை சரியா என்று பார்க்கும் வேலை நம் தலையில் விழுந்தது.

இணையதளப் பட்டியலில் ஒரு நிறுவனம் இருக்கிறது என்றால், அது பதிவு செய்து, வங்கி உத்தரவாதம் கட்டி, ஐந்து ஆண்டுப் பராமரிப்புக்கு ஒப்புக்கொண்டிருக்கிறது என்று பொருள். மாடி ஏறப்போகும் பையனுக்கு பேனல் வயர்களை இணைக்கும் எம்சி4 கனெக்டரைச் சரியாகக் கிரிம்ப் செய்ய, அதாவது வயரோடு அழுத்திப் பொருத்தத் தெரியுமா என்று யாரும் பார்த்துச் சான்று கொடுக்கவில்லை. பிரச்சினை வந்தால் யார் பதில் சொல்ல வேண்டும் என்பதைப் பட்டியல் சொல்லும். யார் நன்றாகச் செய்வார்கள் என்பதைச் சொல்லாது. ஆகவே பட்டியலில் இல்லாதவரை யோசிக்காமல் ஒதுக்குங்கள், மானியமே கிடைக்காது. இருப்பவர்களில் யார் என்பதற்கு வேறு சோதனைகள் வேண்டும்.

முதல் சோதனை, வந்திருப்பவர் யார் என்பது. சென்னையிலோ கோவையிலோ பதிவு செய்த நிறுவனம், திருநெல்வேலியில் ஒரு டீலர், அவருக்குக் கீழே கமிஷன் ஏஜென்ட், கடைசியில் கிலோவாட்டுக்கு இவ்வளவு என்று கூலி பேசி வரும் ஒரு மாட்டும் குழு. இந்தச் சங்கிலி மிகச் சாதாரணம். இதில் தவறு ஒன்றும் இல்லை, ஆனால் கிலோவாட் கணக்கில் கூலி வாங்குபவருக்கு ஒரே நாளில் இரண்டு வீடு முடிக்க வேண்டும் என்ற அவசரம் இருக்கும். அவசரத்தில் அடிபடுவது வெளியில் தெரியாத வேலைகள்: எர்த் குழி, ஸ்டாண்டின் அடி, கேபிள் ஓட்டம். எனவே நேராகவே கேளுங்கள். பில் யார் பெயரில் வரும்? ஒப்பந்தத்தில் கையெழுத்து யாருடையது? பணம் எந்தக் கணக்குக்குப் போக வேண்டும்? மூன்றுக்கும் பதில், இணையதளத்தில் இருக்கும் அதே நிறுவனத்தின் பெயராக இருக்க வேண்டும். ‘என் ஜிபே நம்பருக்குப் போடுங்க சார்’ என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். அடுத்து, உங்கள் ஊரில் அவர்கள் இரண்டு மழைக்காலத்துக்கு முன்பு போட்ட இரண்டு வீடுகளின் முகவரி கேளுங்கள். போன மாதம் போட்ட வீடு பளபளவென்றுதான் இருக்கும், அதைப் பார்த்துப் பயனில்லை.

ஆளைக் கூப்பிடுவதற்கு முன் வீட்டுக் காகிதத்தைச் சரிபார்த்துவிட வேண்டும். தமிழ்நாட்டில் விண்ணப்பங்கள் சிக்கும் முதல் இடம், மின் இணைப்பு இன்னும் காலமான அப்பா பெயரிலேயே இருப்பது. இணைப்பு ஒருவர் பெயரில், வங்கிக் கணக்கு இன்னொருவர் பெயரில் இருந்தால் மானியம் நிற்கும். முதலில் மின்வாரியத்தின் செக்ஷன் ஆபீஸில் பெயர் மாற்றம், பிறகு விண்ணப்பம். 10 கிலோவாட் வரையான விண்ணப்பத்துக்குத் தொழில்நுட்பச் சாத்தியக்கூறு ஆய்வு தேவையில்லை என்றும், தேவைப்பட்டால் அனுமதிக்கப்பட்ட மின்பளுவையும் மின்வாரியமே அதற்கேற்ப உயர்த்தித் தர வேண்டும் என்றும் 2024-இல் மத்திய நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்திவிட்டார்கள். ‘பீசிபிலிட்டி வாங்கித் தர்றேன், தனியா ஐயாயிரம்’ என்று கேட்பவருக்கு இதுதான் பதில்.

விண்ணப்பத்தை உங்கள் கைபேசி எண்ணில் நீங்களே பதிவு செய்யுங்கள். ‘உங்களுக்கு எதுக்கு சிரமம், நாங்களே போட்டுடறோம்’ என்று தங்கள் எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்துவிடும் நிறுவனங்கள் உண்டு. அப்புறம் ஓடிபி அவர்களுக்குத்தான் போகும். வேலை பிடிக்காமல் வேறு ஆளுக்கு மாற நினைத்தாலும் விண்ணப்பம் அவர்கள் கையில் இருக்கும்.

எத்தனை கிலோவாட் என்பதில்தான் விற்பவரின் நேர்மை தெரியும். தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் பேனல் சராசரியாக நாளைக்கு 4 யூனிட் தரும். 3 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 700 யூனிட். இங்கே வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம், 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளுக்கான கட்டணச் சலுகையும் போய்விடும், 1,000 தாண்டிய பிறகு ஒவ்வொரு யூனிட்டும் 11 ரூபாய்க்கு மேல். ஆக, இரு மாதத்துக்கு 900 யூனிட் ஓடும் வீட்டில் 3 கிலோவாட் போட்டால், விலை உயர்ந்த மேல் யூனிட்டுகள்தான் முதலில் கழியும், முதலீடு விரைவாகத் திரும்பும். 300 யூனிட் ஓடும் வீட்டின் பில்லே ஆயிரம் ரூபாய்க்குள்தான். அந்த வீட்டுக்கு 3 கிலோவாட்டை விற்பவர் தன் இலக்கைப் பார்க்கிறார், உங்கள் பில்லைப் பார்க்கவில்லை. கடைசி ஆறு பில்லைக் கேட்காமல் விலை சொல்பவரை நம்ப வேண்டாம்.

மானியக் கணக்கு எளிது. முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா ரூ.30,000, மூன்றாவதற்கு ரூ.18,000, ஆக உச்சவரம்பு ரூ.78,000. ஐந்து கிலோவாட் போட்டாலும் அதே ரூ.78,000தான். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பேனல்களின் மொத்தத் திறன், அவை தரும் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டரின் திறன் இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் மானியம். 540 வாட் பேனல் ஐந்து போட்டு 3 கிலோவாட் இன்வெர்ட்டர் மாட்டினால் கணக்கு 2.7 கிலோவாட்: 60,000 + 12,600 = ரூ.72,600. ஆறு பேனல் போட்டால் 3.24, இன்வெர்ட்டர் 3, மானியம் முழுதாக வரும். ‘மூணு கிலோவாட் சிஸ்டம்’ என்று மொட்டையாக எழுதிய கொட்டேஷனில் இந்த வித்தியாசம் ஒளிந்திருக்கும்.

இந்த மானியத்தை நிர்ணயிக்க அரசு அடிப்படையாக எடுத்த விலை, முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா ரூ.50,000, மூன்றாவதற்கு ரூ.45,000. இந்த விலைக்குள் யாரும் தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. சந்தையில் பெரும்பாலும் கூடுதலாகத்தான் கேட்பார்கள். வரியையும் பாருங்கள். சோலார் வேலைக்கு 70 சதவீதம் பொருள், 30 சதவீதம் சேவை என்று பிரித்து ஜிஎஸ்டி போடுவார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பொருளுக்கான வரி 12-இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்ததால் மொத்தத்தில் 13.8 சதவீதமாக இருந்தது 8.9 ஆகிவிட்டது. பழைய விலைப்பட்டியலை அப்படியே நீட்டுபவரிடம் இதைச் சொல்லலாம். 3 கிலோவாட் வரை அடமானம் இல்லாமல் ரூ.2 லட்சம் வரை வங்கிக் கடனும் உண்டு. அதற்கும் பதிவு பெற்ற நிறுவனத்தின் கொட்டேஷன்தான் கேட்பார்கள்.

கொட்டேஷனில் இருக்க வேண்டியவை: பேனல் கம்பெனி, மாடல், ஒரு பேனலின் வாட், எத்தனை, இன்வெர்ட்டர் கம்பெனி, மாடல், சிங்கிள் பேஸா த்ரீ பேஸா, எத்தனை ஆண்டு வாரன்டி, ஸ்டாண்டின் உயரமும் கம்பியின் கனமும், கேபிள் அளவு, எர்த் குழி எத்தனை, மீட்டர் கட்டணம் யார் கணக்கு. ‘ஸ்டாண்டர்ட் மேக்’, ‘ரெப்யூட்டட் பிராண்ட்’ என்ற சொற்கள் வந்தால் அடித்துவிட்டுப் பெயரை எழுதி வாங்குங்கள். மானியம் வேண்டும் என்றால் பேனல் மட்டுமல்ல, அதற்குள் இருக்கும் செல்லும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும். இதைத்தான் டிசிஆர் பேனல் என்பார்கள். வெளிநாட்டு செல் போட்ட பேனல் விலை குறைவு என்பதால், கொட்டேஷனில் ஒன்றும் மாடியில் வேறொன்றும் வருவது நடக்கிற காரியம். லாரியிலிருந்து இறக்கும்போதே ஒவ்வொரு பேனலின் சீரியல் எண்ணையும் போட்டோ எடுத்து, தேசிய சூரிய ஆற்றல் நிறுவனம் நடத்தும் டிசிஆர் சரிபார்ப்புத் தளத்தில் போட்டுப் பாருங்கள். மாட்டிய பிறகு பேனலுக்கு அடியில் குனிந்து எண்ணைப் படிப்பது லேசில்லை.

இடம் பார்க்க வருபவர் ஐந்து நிமிடத்தில் இறங்கிவிட்டால் நிழலைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். ஆறு பேனலும் தொடராகக் கோத்திருக்கும், ஒன்றின் மேல் விழும் நிழல் மொத்த வரிசையையும் இழுக்கும். தண்ணீர் டேங்க், மாடிப்படி அறை, பக்கத்து வீட்டுத் தென்னை மூன்றும்தான் இங்கே வழக்கமான எதிரிகள். சென்னையில் டிசம்பர் நண்பகலில் ஆறடி உயர டேங்கின் நிழல் வடக்கே நாலரை அடிதான் போகும். ஆனால் அன்று காலை 9 மணிக்கு வடமேற்கில் பத்தடியை நெருங்கும். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே போய்விடுவதால், பேனலுக்கு வடக்கே இருக்கும் சுவரும் அப்போது நிழல் போடும். ‘தெற்கு காலியா இருக்கு, போதும்’ என்பது டெல்லிக்குச் சரி, நமக்குப் பாதிதான் சரி. 540 வாட் பேனல் ஒன்று ஏழரை அடி நீளம், மூணே முக்கால் அடி அகலம். ஆறுக்கும் சேர்த்து 170 சதுர அடி, கழுவ நடமாடும் இடத்தோடு 250 சதுர அடிக்கு மேல் ஒதுக்க வேண்டும். தெற்கு நோக்கி 10 முதல் 15 டிகிரி சாய்வு போதும்.

அதிகம் கெட்டுப்போகும் இடம் ஸ்டாண்டின் கால். நம் மொட்டைமாடிகளில் காங்கிரீட் தளத்தின் மேல் சுண்ணாம்பு ஜல்லியோ சுர்க்கியோ (செங்கல் தூள் கலந்த சுண்ணாம்புக் கலவை) மூன்று நான்கு அங்குலம் போட்டு, அதன் மேல் தட்டோடு பதித்திருக்கும். அவசரக் குழு தட்டோட்டின் மேலேயே பேஸ் பிளேட்டை வைத்து, நாலு அங்குல ஆங்கர் போல்ட்டை இறக்கிவிட்டுப் போகும். போல்ட் பிடித்திருப்பது சுர்க்கியைத்தான், தளத்தை அது தொடவே இல்லை. காற்றில் பிடிப்பும் இருக்காது, முதல் மழையிலேயே ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி, கீழே படுக்கையறை சீலிங்கில் ஈரம் படரும். ‘ஓட்டையே போட மாட்டோம், காங்கிரீட் கட்டை வெச்சிடுவோம்’ என்பது இன்னொரு வகை. ஓரடிக் கன அளவுக் கட்டை ஒன்று ஏறக்குறைய 68 கிலோ, ஆறு கட்டைக்கு 400 கிலோ. இந்தியத் தரநிலையின்படி சென்னைக்கான அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். அந்தக் காற்று ஒரு சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவுக்கு அழுத்தும். ஆறு பேனலின் பரப்பு பதினைந்தரை சதுர மீட்டர். சாய்வையும் இடைவெளியையும் பொறுத்து இந்தக் கணக்கு கூடும் குறையும் என்றாலும், டன் கணக்கில் வரும் தூக்குவிசையை வெறும் 400 கிலோ அடக்காது. 2016 வர்தாவையும் 2018 கஜாவையும் பார்த்த மாவட்டங்களில் இதை விளக்கத் தேவையில்லை.

சரியான முறை இது: கால் நிற்கும் இடத்தில் மட்டும் தட்டோட்டையும் சுர்க்கியையும் வெட்டி எடுத்து, தளத்தைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, கெமிக்கல் ஆங்கரில் (துளைக்குள் ஊற்றும் ரசாயனப் பசை) கம்பி நட்டு, அதன் மேல் கட்டையை வார்த்து, சுற்றிலும் நீர்க்காப்பு பூசுவது. கூடுதலாக ஒன்றிரண்டு நாள் பிடிக்கும், அதற்கான காசையும் கொடுக்க வேண்டும். ஸ்டாண்டுக்கு ஹாட் டிப் கால்வனைசிங், அதாவது உருக்கிய துத்தநாகத்தில் முக்கிய பூச்சு, 80 மைக்ரான்; போல்ட்டுகள் எஸ்எஸ் 304 என்ற துருப்பிடிக்காத எஃகு. கடலோரம் என்றால் இதில் பேரமே கூடாது. துளை போட்டு வெல்டிங் வைத்த இடத்தில் சில்வர் பெயின்ட் அடித்திருந்தால் அங்கிருந்துதான் துரு கிளம்பும். துணி காயப்போட, நடமாட வசதியாக ஏழெட்டடி உயரத்தில் ஸ்டாண்டு கேட்பது இங்கே வழக்கம். உயரம் கூடக் கூட இரும்பும் குறுக்குச் சட்டமும் கூட வேண்டும், அதே விலைக்கு உயர்த்தித் தருகிறேன் என்றால் கம்பியின் கனத்தில் கை வைக்கிறார்கள்.

வயரிங்கில் மூன்று இடம். எம்சி4 கனெக்டரின் ஆணும் பெண்ணும் ஒரே கம்பெனியாக இருக்க வேண்டும், அதற்குரிய கிரிம்பிங் கருவியால்தான் அழுத்த வேண்டும். கட்டிங் பிளேயரால் நசுக்கிய கனெக்டர் ஒன்றிரண்டு கோடையில் சூடேறி உருகும், தீப்பிடிக்கும் முதல் இடமும் அதுதான். எர்த் குழி மூன்று: டிசி பக்கத்துக்கும் (பேனல் முதல் இன்வெர்ட்டர் வரை) ஸ்டாண்டுக்கும் ஒன்று, ஏசி பக்கத்துக்கு (இன்வெர்ட்டர் முதல் மீட்டர் வரை) ஒன்று, இடிதாங்கிக்குத் தனியாக ஒன்று. மூன்றையும் மேலே ஒரே கம்பியில் இணைத்துவிட்டு ஒரு குழியில் முடிப்பது நடக்கிறது. எர்த் டெஸ்டர் வைத்து உங்கள் கண் முன்னே அளக்கச் சொல்லுங்கள், 5 ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். மூன்றாவது, இன்வெர்ட்டரிலிருந்து மீட்டர் வரை போகும் ஏசி வயர். 3 கிலோவாட் முழு வெயிலில் 13 ஆம்பியர் ஓடும். 30 மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் இழுத்தால் இன்வெர்ட்டர் முனையில் 6 வோல்ட் ஏறும், 6 சதுர மில்லிமீட்டர் என்றால் இரண்டரை வோல்ட்தான். லைனில் வோல்டேஜ் 253-ஐத் தாண்டினால் இன்வெர்ட்டர் தானாகவே துண்டித்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. மதியம் லோடு இல்லாத ஊர்களில் லைனே 248, 249 என்று நிற்கும்போது மெல்லிய வயரின் ஆறு வோல்ட்தான் எல்லையைத் தாண்ட வைக்கும். நல்ல வெயில் நேரத்தில் விட்டுவிட்டு நிற்கிறது என்ற புகாரில் முதலில் அளக்க வேண்டியது இதை. வயர் தடிமனாக இருந்தும் நிற்கிறது என்றால் லைன் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் டேப்பைப் பார்க்கச் சொல்லி செக்ஷன் ஆபீஸில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

‘சோலார் போட்டா கரண்ட் கட்டே தெரியாது’ என்று விற்பவரிடம் ஜாக்கிரதை. மானியத்தில் பெரும்பாலும் போடப்படும் பேட்டரி இல்லாத இன்வெர்ட்டர், லைன் போனதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேன் உயிரைக் காப்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். கட் நேரத்துக்குப் பழைய யுபிஎஸ் அப்படியே தொடரட்டும், ஆனால் அதன் அவுட்புட்டில் சோலார் இன்வெர்ட்டரைக் கொண்டுபோய் இணைக்க விடாதீர்கள்.

மாட்டி முடித்ததும் ‘டெஸ்டுக்கு ஆன் பண்ணிப் பார்ப்போம்’ என்று நாள் கணக்கில் ஓட விடக் கூடாது. இருவழி மீட்டர் வரும் முன் ஓட்டினால், பழைய மீட்டர்களில் பலவும் வெளியே போகும் கரண்டையும் உள்ளே வந்ததாகவே கூட்டிக்கொள்ளும். நாம் கொடுத்த யூனிட்டுக்கு நாமே காசு கட்டுவோம். மின்வாரிய ஆய்வு, மீட்டர் மாற்றம், இணையதளத்தில் கமிஷனிங் சான்று (சிஸ்டம் இயங்கத் தொடங்கியதற்கான சான்று), அதன் பிறகு வங்கி விவரம் பதிவேற்றம் என்ற வரிசையில்தான் மானியம் வரும், அதுவும் நேராக உங்கள் கணக்குக்கு. ‘மானியத்தைக் கழித்துக்கொண்டு மீதி கொடுத்தால் போதும்’ என்று சொல்லிக் கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை கேட்டால் கொடுக்காதீர்கள். பணத்தைப் பிரித்துக் கொடுங்கள்: ஒப்பந்தத்தன்று சிறு அட்வான்ஸ், பேனல் வந்து சீரியல் எண் சரிபார்த்ததும் பெரும்பகுதி, மீட்டர் மாட்டிய பிறகு குறைந்தது 10 சதவீதம். அந்தக் கடைசிப் பத்து சதவீதத்துக்கு இருக்கும் மரியாதை எந்த வாரன்டி கார்டுக்கும் கிடையாது.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் கவனிக்க: மாடி பொதுச் சொத்து என்றால் தனி வீட்டு விண்ணப்பத்துக்கு மற்றவர்கள் சம்மதம் தேவை. அதைவிட, லிஃப்ட், மோட்டார், பொது விளக்குக்குச் சங்கத்தின் பெயரில் போடுவது சுலபம், அதற்குக் கிலோவாட்டுக்கு ரூ.18,000 மானியம் உண்டு.

வேலை முடிந்த அன்றே வாங்க வேண்டியவை: ஒப்பந்த நகல், சீரியல் எண்களோடு கூடிய பில், பேனலுக்கும் இன்வெர்ட்டருக்கும் உங்கள் பெயரில் வாரன்டி பதிவு, எர்த் அளவு எழுதிய தாள். இன்வெர்ட்டர் செயலியில் உரிமையாளர் கணக்கு உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும், பெரும்பாலும் மாட்டியவர் தன் கணக்கில் உங்கள் வீட்டையும் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டுப் போவார். அவர் கடையை மூடினால் உங்கள் வீட்டு உற்பத்தி உங்களுக்கே தெரியாது. ஐந்தாண்டுப் பராமரிப்பில் பழுது நீக்கம் அடங்கும், பேனல் கழுவுவது அடங்குமா என்பதைத் தனியாக எழுதி வாங்குங்கள். அடங்காவிட்டால் நீங்களே விடியற்காலையில் கழுவிக்கொள்ளலாம். வெயிலில் கொதிக்கும் கண்ணாடியில் போர் தண்ணீரை ஊற்றினால் உப்புக் கறை படியும்.

கூப்பிட்டு ஆள் வரவில்லையென்றால் முதலில் நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் தேதியோடு புகார், வாட்ஸ்அப் அழைப்பு கணக்கில் வராது. அடுத்து இணையதளத்தில் விண்ணப்ப எண்ணோடு குறை பதிவு, திட்டத்தின் உதவி எண் 15555. மீட்டர், இணைப்பு, பில் சம்பந்தப்பட்டது என்றால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987. நிறுவனம் பராமரிப்பைக் கைவிட்டால் அதன் வங்கி உத்தரவாதத்தில் கை வைக்க வழி இருக்கிறது, அதற்கு ஒப்பந்தமும் தேதியிட்ட புகாரும் கையில் இருக்க வேண்டும்.